மாமாவின் ஜிப்சிக்கு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் மாற்றியது

வண்டி 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங். கோத்தகிரிப் பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் என் மாமாவுடையது. உர மூட்டையில் ஆரம்பித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரம் வரைக்கும் இருபத்தைந்து வருடமாக அந்த வீட்டுக்கு அதுதான் வண்டி. அதிலிருந்த கார்புரேட்டர் இன்ஜினை எடுத்துவிட்டு அதே ஜிப்சியின் பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினை வைத்தோம். கார்புரேட்டர் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விடும் பாகம்; எம்.பி.எஃப்.ஐ.யில் அதற்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை அளந்து பீய்ச்சும். இன்ஜின் உட்கார இரண்டு நாள் ஆனது. வண்டியை நம்பி மேட்டில் ஏற்ற ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். இதே வேலையை யோசிக்கிறவர்களுக்கு இன்ஜினை விட அந்தப் பகுதிதான் உதவும்.

மாமா சொன்ன குறை ஒன்றுதான். மேல் தோட்டத்துக்குப் போகிற மண் பாதையில் கடைசி நூறு அடி செங்குத்தாக ஏறும். லோ கியரில், ஃபோர் வீலில், முதல் கியர் போட்டு நிதானமாக ஏறினால் பாதி மேட்டில் இன்ஜின் இருமும், பெட்ரோல் வாடை வரும், நின்றுவிடும். பத்து நிமிடம் காத்திருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி சாவி போட்டால் கரும்புகை கக்கிக்கொண்டு எழும். கார்புரேட்டரை இரண்டு முறை முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்து, ஊசி வால்வு, ஜெட், பேக்கிங் எல்லாம் புதிதாகப் போட்டாகிவிட்டது. சமதளத்தில் நன்றாக ஓடும், மேட்டில் மறுபடி அதே கதை.

இது பழுது இல்லை, கார்புரேட்டரின் இயல்பு. உள்ளே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. மிதவை ஒன்று அதில் பெட்ரோலை ஒரே மட்டத்தில் வைத்திருக்கும், அந்த மட்டத்தை நம்பித்தான் ஜெட்டின், அதாவது பெட்ரோல் வெளிவரும் நுண்துளையின், அளவையே வைத்திருப்பார்கள். வண்டி முன்பக்கம் தூக்கினால் கிண்ணத்து மட்டமும் சாயும். ஒரு பக்கம் பெட்ரோல் வழியும், இல்லை ஜெட் காயும். மாமாவின் வண்டியில் வழிந்தது.

இதோடு உயரம் வேறு. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்தது கார்புரேட்டருக்குத் தெரியாது. சமவெளிக்கு அளந்த பெட்ரோலையே கிட்டத்தட்ட அப்படியே ஊற்றும். அதனால் கலவை கொழுக்கும், பிளக் கரி பிடிக்கும், புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் திருப்பி அனுப்புவார்கள். மலைக்கென்று ஜெட்டை மாற்றி வைக்கலாம். ஆனால் மாதம் இரண்டு முறை சமவெளியில் இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற வண்டிக்கு அங்கே அந்த ஜெட் விடும் பெட்ரோல் போதாது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டி சமவெளியில் வயல் வரப்பு வரைக்கும் போய் வருவதுதான் என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். நல்ல கார்புரேட்டரும் அதைக் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் போதும்.

எந்த இன்ஜின்

ஜிப்சி இந்தியாவில் 1985-இல் வந்தபோது 970 சிசி இன்ஜின், 45 குதிரைத் திறன். 1996-இல் ஜிப்சி கிங் வந்தது. 1,298 சிசி, எட்டு வால்வு, கார்புரேட்டர், 60 குதிரைத் திறன். மாமாவுடையது அதுதான். 2000-இல் அதே 1,298 சிசி பதினாறு வால்வாகி எம்.பி.எஃப்.ஐ.யும் சேர்ந்து 80 குதிரைத் திறன் ஆனது. ராணுவமும் போலீசும் ஓட்டிய பெரும்பாலான ஜிப்சிகளின் சத்தம் அதுதான்.

சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனால் மாருதி எஸ்டீம் காரின் இன்ஜின் சுலபமாகக் கிடைக்கும், அதுவும் இதே குடும்பம். பலேனோவின் 1,590 சிசி இன்ஜினைத் தேடிப் பிடித்து ஜிப்சியில் வைத்தவர்களும் உண்டு, 94 குதிரைத் திறன். எனக்கும் அதில்தான் ஆசை இருந்தது. மேட்டுப்பாளையத்தில் வேலை செய்துகொடுத்த மெக்கானிக் அண்ணன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

“தம்பி, அது குறுக்கால நின்ன இன்ஜின். இங்க நெடுக்கால நிக்கோணும். சம்ப் முன் ஆக்சில்ல இடிக்குமா, சைலன்சர் எந்தப் பக்கம் வெளிய வரும், கிராங்க் முனையில பைலட் பேரிங் உக்காருமான்னு ஒண்ணொண்ணா பாக்கோணும். எல்லாத்தையும் லேத்துல செஞ்சுரலாம். ஆனா மேட்டுல ஏதாச்சும் நின்னா, நாம செஞ்சதுல நின்னுதா இன்ஜின்ல நின்னுதான்னு தெரியாது.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் முடிவு செய்தது. எஸ்டீமோ பலேனோவோ முன்சக்கர இழுவைக் கார்கள். ஜிப்சியின் சொந்த இன்ஜின் என்றால் மவுண்டிலிருந்து பெல் ஹவுசிங் வரை கம்பெனியே இந்தச் சட்டத்துக்கென்று செய்தது. ஆர்.சி. விஷயத்திலும் அது எளிது, பிறகு சொல்கிறேன். குதிரைத் திறனில் பதினான்கை விட்டுக்கொடுத்தோம். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு ஜிப்சியிலிருந்து இன்ஜின் கிடைத்தது. வாங்கும்போது நாங்கள் விடாப்பிடியாகக் கேட்டது ஒன்று: வயரிங்கை வெட்டக் கூடாது. பழைய சாமான் சந்தையில் இன்ஜினை இறக்கும்போது நேரம் மிச்சம் பிடிக்க வயர் கட்டைப் பிளேடால் அறுத்துவிடுவார்கள். அறுத்த வயரை ஒட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் முப்பது நாற்பது ஒட்டு இருந்தால் அதில் ஒன்று எப்போதாவது ஈரத்தில் விடும். எது விட்டது என்று கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் போய்விடும். கூடுதலாகப் பணம் கொடுத்து, பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு இணைப்பையும் கிளிப் அழுத்திக் கழற்ற வைத்து முழுக் கட்டாக எடுத்து வந்தோம். அதே வண்டியின் இ.சி.எம். (இன்ஜினை நடத்தும் கணினிப் பெட்டி), ரிலே, சென்சார், ஆக்சிலரேட்டர் கேபிள் எல்லாம் ஒரே கோணியில் வந்தது.

கம்ப்ரஷன் அழுத்தம் நான்கு சிலிண்டரிலும் சதுர சென்டிமீட்டருக்கு 13 கிலோவை ஒட்டி இருந்தது, ஒன்றுக்கொன்று அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் இல்லை. டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், கிராங்க் முன்பின் ஆயில் சீல்கள், கிளட்ச் தட்டு ஆகியவற்றை இன்ஜின் தரையில் இருக்கும்போதே மாற்றினோம். கியர் பாக்ஸ் பழையதுதான். மூன்றாம் நாள் காலையில் இன்ஜின் தன் இடத்தில் இருந்தது. இந்தப் பகுதியில் வேறு எதுவும் சொல்ல இல்லை. கம்பெனி செய்த சாமான், கம்பெனி விட்ட துளையில் உட்கார்ந்தது.

வயரும் எர்த்தும்

எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினின் இ.சி.எம். கேட்பது ரொம்ப எளிமையானது: எப்போதும் இருக்கும் ஒரு மின் இணைப்பு, சாவி போட்டதும் வரும் ஒன்று, நல்ல எர்த். மீதி எல்லாம் அதன் சொந்த வயர் கட்டிலேயே இருக்கிறது. பழைய வண்டியின் வயரிங்கோடு அதைக் கலக்காமல் தனியாகவே ஓட்டினோம். இரண்டும் சந்திப்பது ஐந்தாறு இடத்தில்தான். இ.சி.எம். பெட்டியை டேஷ்போர்டுக்குப் பின்னால், இடது பக்கம், எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே வைத்தோம். ஓடையில் இறங்குகிற வண்டி இது, கால் வைக்கிற இடம் ஈரமாகாமல் இருக்காது.

பெட்ரோல் பம்ப்பின் ரிலேயை இ.சி.எம். கையிலேயே விட்டோம். சாவி போட்டதும் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி அழுத்தம் ஏற்றும், அப்புறம் இன்ஜின் சுற்றினால்தான் தொடரும். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும். சிலர் வேலை சுலபமாகட்டும் என்று பம்ப்பை நேராகச் சாவியிலிருந்து இழுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மேட்டில் வண்டி உருண்டு, இன்ஜின் நின்று, குழாய் பிய்ந்திருக்கிற நேரத்தில் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் சூடான சைலன்சர் மேல் பெட்ரோலைப் பீய்ச்சும்.

முதல் நாள் சாவி போட்டதும் பிடித்துக்கொண்டது. சோக் இழுக்காமல், மிதிக்காமல் அந்த வண்டி எழுந்ததை மாமா அன்றைக்குத்தான் பார்த்தார். எங்களுக்கும் சந்தோஷம்தான்.

இரண்டாம் நாளே இரண்டு குறை தெரிந்தது. ஒன்று, இறக்கத்தில் வந்து கிளட்ச் மிதித்து நிறுத்தப் போனால் ஆர்.பி.எம். விழுந்து இன்ஜின் அணையும். மலையேறும் காட் ரோட்டில் இது ஆபத்து. இன்ஜின் நின்றபின் பிரேக் பூஸ்டரில் மிச்சம் இருப்பது இரண்டு மிதிக்குத்தான், அதற்கு மேல் பெடல் கல்லாகிவிடும். செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. சுசுகியின் அந்தக் கால இ.சி.எம்.மில் இதைப் படிக்கக் கருவி எதுவும் வேண்டாம். டயக்னாசிஸ் இணைப்பில் இரண்டு முனையைச் சின்ன வயரால் சேர்த்தால் விளக்கே சிமிட்டிச் சொல்லும். எல்லாம் சரி என்றால் ஒரு சிமிட்டு, இடைவெளி, இரண்டு சிமிட்டு, அதாவது 12. எங்களுக்கு இரண்டு சிமிட்டு, இடைவெளி, நான்கு சிமிட்டு: 24. வேக சென்சார் இல்லை என்று அர்த்தம்.

காரணம் புரிய அரை நாள் ஆனது. பழைய வண்டியின் ஸ்பீடோமீட்டர் வெறும் கேபிளில் ஓடுவது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியிலோ வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்ற தகவல் இ.சி.எம்.முக்குப் போக வேண்டும். அது தெரியாவிட்டால் நிற்கப் போகிற நேரத்தில் ஐடிலுக்கு, அதாவது மிதிக்காமல் இன்ஜின் ஓடுவதற்கு, வேண்டிய காற்றைச் சரியான சமயத்தில் கூட்டாது. இன்ஜின் வந்த அதே வண்டியின் மீட்டரைப் போய் வாங்கி வந்து மாட்டினோம். விளக்கு அணைந்தது, வண்டி நிற்கும்போது இன்ஜின் அணைவதும் நின்றது. இன்ஜின் வாங்கும்போதே மீட்டரையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். பட்டியலில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குறை, இரவில் ஹெட்லைட் போட்டால் ஐடில் மேலும் கீழும் அலைந்தது. சென்சார் சென்சாராக மாற்றிப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துவிட்டு, “ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி” என்றார். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.9 வோல்ட் காட்டியது. அங்கே கிட்டத்தட்ட சுழியம்தான் இருக்க வேண்டும். இன்ஜினிலிருந்து சேஸுக்குப் போகிற எர்த் பட்டை, நாங்கள் ஆசையாகப் புதுப் பெயின்ட் அடித்த பிராக்கெட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் மின்சாரம் ஊர்ந்துகொண்டிருந்தது. போல்ட்டைக் கழற்றி, ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாகப் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்து, பட்டையை வைத்து முடுக்கி, மேலே வாஸ்லின் பூசினார். மறுபடி அளந்தால் 0.1-க்கும் கீழே. ஐடில் அலையாமல் ஒரே அளவில் நின்றது. சென்சார்கள் எல்லாம் இந்த எர்த்தை வைத்துத்தான் அளந்து சொல்கின்றன. எர்த் ஆடினால் எல்லாச் சென்சாரும் ஒரே நேரத்தில் பொய் சொன்ன மாதிரி இருக்கும். புதிதாக ஒரு பொருள்கூட வாங்காமல் தீர்ந்த குறை இது ஒன்றுதான்.

மேட்டில் நின்றது

நான்காம் வாரம் வண்டியைக் கோத்தகிரிக்கு ஏற்றினோம். காட் ரோட்டில் மூன்றாம் கியரில் இழுத்த இழுப்பை மாமா ரசித்துக்கொண்டே வந்தார். நேராக மேல் தோட்டத்துக்குப் போனோம். அந்தச் செங்குத்து மேடு, லோ கியர், முதல் கியர். முக்கால்வாசி ஏறியதும் விளக்கை அணைத்தாற்போல இன்ஜின் நின்றது. இருமல் இல்லை, வாடை இல்லை, புகை இல்லை. கார்புரேட்டர் நின்றபோதாவது சொல்லிவிட்டு நிற்கும்.

மாமா டேங்க் மீட்டரைக் காட்டினார். “மாப்ளே, கால் டேங்க் பெட்ரோல் இருக்குதே, அப்புறம் எதுக்கு நிக்குது?”

சரியான கேள்வி. பதில் அந்தக் கேள்வியிலேயே இருந்தது, எனக்குத்தான் உடனே தெரியவில்லை. வண்டியை மெதுவாகப் பின்னால் இறக்கிச் சமதளத்துக்குக் கொண்டுவந்து சாவி போட்டால் உடனே பிடித்தது. மறுபடி ஏற்றினால் அதே இடத்தில் நின்றது. எர்த்தோ, ஆடுகிற இணைப்போ என்று எல்லா வயரையும் இரண்டு நாள் ஆட்டிப் பார்த்தேன். விளக்கு 12-ஐ மட்டும்தான் சிமிட்டியது. இ.சி.எம். கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது.

அண்ணன் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பிரஷர் கேஜ் கொண்டுவந்தார். பெட்ரோல் குழாயில் ‘T’ வடிவ இணைப்பு போட்டு, நீளமான குழாய் வைத்து, கேஜை பானெட்டுக்கு வெளியே கண்ணாடி அருகில் டேப் போட்டு ஒட்டினார். பெட்ரோல் போகிற எதையும் வண்டிக்கு உள்ளே கொண்டுவர அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளை மட்டும் பார்த்தார். சமதளத்தில் மூன்று பாருக்குக் கொஞ்சம் கீழே அசையாமல் நின்றது. மேட்டில் பாதி வரை அப்படியே. அப்புறம் முள் நடுங்க ஆரம்பித்தது. சேஸ் பக்கமிருந்து பம்ப்பின் சத்தம் மாறியது, தண்ணீர் தீர்ந்த கிணற்றில் மோட்டார் ஓடுமே, அந்த வறண்ட கீச்சு. முள் ஒன்றுக்கு விழுந்தது, இன்ஜின் நின்றது. நடுக்கத்துக்கும் நின்றதற்கும் நடுவே இரண்டு விநாடிகூட இல்லை.

எங்கள் தவறு இதுதான். பழைய டேங்க்கையே வைத்துக்கொண்டு, அதன் பழைய உறிஞ்சு குழாயிலேயே புது மின் பம்ப்பை மாட்டியிருந்தோம். நாற்பது லிட்டர் டேங்க்கில் பத்து லிட்டர் இருக்கும்போது வண்டி முன்னால் தூக்கினால் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஒதுங்குகிறது, உறிஞ்சு குழாயின் வாய் காற்றில் நிற்கிறது. பம்ப் காற்றை இழுத்தால் அழுத்தம் அந்த நொடியே போய்விடும்.

சரி, இதே டேங்க், இதே மேடு, இதே கால் டேங்க்கில் கார்புரேட்டர் இத்தனை வருடம் பெட்ரோல் வழிந்து நின்றதே தவிர, பெட்ரோல் வராமல் நின்றதில்லையே? அப்போதும் குழாய் காற்றை இழுத்துத்தான் இருக்கும். ஆனால் அது வெளியே தெரியவில்லை, ஏனென்றால் கார்புரேட்டரில் அந்தக் கிண்ணம் இருந்தது. அரை டீ கிளாஸ் பெட்ரோல்தான். பம்ப் கொஞ்ச நேரம் வெறும் காற்றை அனுப்பினாலும் இன்ஜின் கிண்ணத்திலிருந்து குடித்துக்கொண்டு ஓடும், வண்டி சமதளத்துக்கு வந்ததும் கிண்ணம் மறுபடி நிரம்பும். மேட்டில் எங்களுக்குத் தொல்லை கொடுத்த அதே கிண்ணம்தான் மேட்டில் எங்களைக் காப்பாற்றியும் வந்திருக்கிறது. அதை நாங்கள் கழற்றி எடுத்துவிட்டு, அது செய்துவந்த வேலைக்கு வேறு ஆள் வைக்கவில்லை. எம்.பி.எஃப்.ஐ.யில் சேமிப்பு என்று எதுவும் இல்லை. குழாயில் அழுத்தம் இருக்கிற வரைதான் இன்ஜின்.

அதைப் புரிந்துகொண்ட பிறகு வழி இரண்டு. ஒன்று எம்.பி.எஃப்.ஐ. ஜிப்சியின் டேங்க்கையே வாங்கி மாட்டுவது. உள்ளேயே பம்ப் இருக்கும்படி கம்பெனி செய்தது, அதுதான் சுத்தமான வேலை. மூன்று டேங்க் பார்த்தோம். மூன்றும் அடியில் துரு. அதனால் இரண்டாவது வழி: கிண்ணத்தை மறுபடி கொண்டுவருவது, இந்த முறை சாய்ந்தாலும் கவலைப்படாத கிண்ணமாக. சர்ஜ் டேங்க் என்பார்கள்.

கோயம்புத்தூரில் லேத் பட்டறை ஒன்றில் அலுமினியக் குழாயை வெட்டி மேலும் கீழும் மூடி வெல்டு வைத்து வாங்கினோம். ஒரு லிட்டர் கொள்ளும், ஒல்லியாக உயரமாக இருக்கும். குட்டையாக அகலமாக இருந்தால் அதற்குள்ளேயும் பெட்ரோல் ஒதுங்கும். டேங்க்கிலிருந்து குறைந்த அழுத்தத்தில் தள்ளுகிற சின்னப் பம்ப் ஒன்று இந்தக் குப்பியை நிரப்பிக்கொண்டே இருக்கும். குப்பியின் அடியிலிருந்து பெரிய பம்ப் இழுத்து, ஃபில்டர் வழியாக இன்ஜெக்டர்களுக்கு மூன்று பார் அழுத்தத்தில் அனுப்பும். இன்ஜின் குடித்தது போக மிச்சம் ரெகுலேட்டர் வழியாகக் குப்பிக்கே திரும்பும். குப்பி நிரம்பி வழிவது, காற்றுக் குமிழியோடு சேர்ந்து, தலையிலிருக்கும் குழாய் வழியாகப் பழைய ரிட்டர்ன் லைனில் டேங்க்குக்குப் போய்விடும். சின்னப் பம்ப் காற்றை இழுத்தால் இழுக்கட்டும். அந்தக் காற்று குப்பியின் தலைக்குத்தான் போகும், அடியிலிருந்து இழுக்கிற பம்ப்புக்கு அது தெரியாது.

ஒரு லிட்டர் போதுமா என்று கணக்குப் போட்டோம். முழு ஆக்சிலரேட்டரில் இந்த இன்ஜின் மணிக்கு இருபது லிட்டருக்கு மேல் குடிக்கும், அப்படிக் குடித்தாலும் இரண்டு நிமிடம் தாங்கும். மேட்டில் ஊர்ந்து ஏறும்போது மணிக்கு மூன்று நான்கு லிட்டர்தான், கால் மணி நேரம் வரும். அந்த மேடு நாற்பது விநாடி.

குப்பியைச் சேஸின் உள்பக்கத்தில், சைலன்சருக்கு எதிர்ப்புறம், கல் அடிக்காமல் தகட்டு மறைப்பு போட்டு வைத்தோம். சௌகரியமாக இருக்கும் என்று பின் சீட்டுக்கு அடியில் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆள் உட்காரும் இடத்தில் பெட்ரோல் குப்பி இருக்கக் கூடாது, இதில் விவாதமே இல்லை. குழாய் விஷயத்திலும் அப்படித்தான். கார்புரேட்டருக்குப் போகும் சாதாரண ரப்பர் குழாய் தாங்கியது ஒரு பாரில் கால் பங்கு அழுத்தம். மூன்று பார் போகிற இடமெல்லாம் எம்.பி.எஃப்.ஐ.க்கென்று வரும், மேலே ஆர்9 என்று அச்சிட்ட குழாய்தான் போட்டோம். எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் பழைய ரப்பரை வேறு ஊறவைத்து வெடிக்க வைக்கிறது. கிளிப்பும் விளிம்பு மடித்த வழவழப்பான வகை. பல் வைத்த கிளிப் முடுக்க முடுக்கக் குழாயை அறுக்கும். குழாய், கிளிப், இரண்டு பம்ப், குப்பி, மீட்டர், வெல்டிங் எல்லாம் சேர்த்தால் இன்ஜினுக்குக் கொடுத்ததை விட அதிகம் ஆனது. இந்த வேலைக்குப் பட்ஜெட் போடுகிறவர்கள் இன்ஜின் விலையைக் குறைந்தது இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

காகித வேலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறுபடும்படி எதையும் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. இன்ஜினை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, மாற்றிய பின் புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். எங்களுக்கு உதவியது அதே கம்பெனி, அதே மாடல் வரிசை, அதே 1,298 சிசி என்பது. இன்ஜின் வாங்கிய பில், அது வந்த வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டையும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டியின் இன்ஜின் எண் உங்கள் ஆர்.சி.யில் ஏறினால் அதிலிருந்து மீள்வது பெரும்பாடு. பதினைந்து வருடம் கடந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் இந்த எண் எப்படியும் ஒருநாள் பார்க்கப்படும்.

இப்போது எப்படி இருக்கிறது

புகைச் சான்றிதழ் முதல் தடவையிலேயே கிடைத்தது. மலையில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி பத்தைத் தாண்டுகிறது. உயரத்துக்கு ஏற்பக் கலவையைத் திருத்துவது இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். அதனால் மேட்டுப்பாளையத்திலும் கோத்தகிரியிலும் ஐடில் ஒன்றேதான். ஆனால் மெலிந்த காற்றால் போகிற பலம் போனதுதான், எம்.பி.எஃப்.ஐ. அதைத் திருப்பித் தராது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடுகிறது, முன்பு சைலன்சரில் வெடித்த சத்தம் இப்போது இல்லை.

ஒன்றில் மட்டும் பழைய இன்ஜினைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரத்து ஐந்நூறு ஆர்.பி.எம்.மில் பாறை மேல் ஊர்ந்து ஏறும்போது எட்டு வால்வு இன்ஜினும் இதே அளவு இழுத்தது. பதினாறு வால்வின் முழு இழுவை 4,500-ஐ ஒட்டித்தான் வருகிறது. அந்த 20 குதிரை காட் ரோட்டில் தெரிகிறது, தோட்டத்துப் பாதையில் தெரியவில்லை. தோட்டத்துப் பாதையில் தெரிவது, வண்டி எந்தக் கோணத்தில் நின்றாலும் இன்ஜின் ஓடுகிறது என்பது.

ஆறு மாதம் கழித்து ஃபில்டரைக் கழற்றியபோது உள்ளே காபித்தூள் மாதிரி துரு இருந்தது. பழைய டேங்க்கின் அடி. டேங்க்கை இறக்கிக் கழுவி, சின்னப் பம்ப்புக்கு முன்னால் இன்னொரு ஃபில்டர் வைத்தோம். இதை ஆரம்பத்திலேயே செய்திருந்தால் பம்ப் ஒன்று தப்பித்திருக்கும்.

போன வாரம் மீட்டர் முள் சிவப்பைத் தொடுகிற அளவுக்குப் பெட்ரோலை வைத்துக்கொண்டு அந்த மேட்டில் மூன்று முறை ஏற்றினோம். மூன்றாம் முறை பாதி மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டோம். சின்னப் பம்ப் அவ்வப்போது கீச்சிட்டது. பானெட் மேல் ஒட்டிய கேஜின் முள் அசையவில்லை. கேஜை இன்னும் கழற்றவில்லை. இந்த மழைக்காலம் முடிகிற வரை இருக்கட்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.